ஊத்தரிசி என்று எழுதிக்கொள்ளுங்கள்

பாலாற்றங்கரையில் ஒரு பள்ளிக்கூடக் கிணற்றில் இருந்த உயிர்கள் அத்தனையும் சாக நான் காரணமாக இருந்தேன். மருந்தைக் கொட்டியது வேறு கை. அந்தக் கையை வரவழைத்தது நான் எழுதிய ஒரு சொல். கணக்கெடுப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நுண்ணோக்கியை எப்படித் துடைப்பது, புட்டிக்குள் போடும் சீட்டை எப்படி எழுதுவது என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். இதை யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன்.

எழுபதுகளின் பின்பாதி. முதுகெலும்பில்லாத உயிர்களைக் கணக்கெடுக்கும் எங்கள் பிரிவுக்கு வேலூரில் ஒரே ஓர் அறை இருந்தது. அந்த அறைக்கு ஒரே ஆள், நான். ஓர் அலமாரி, ஒரு நுண்ணோக்கி, எப்போதும் ஸ்பிரிட் வாசனை. மேலதிகாரி சென்னையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் ஆம்பூர், பள்ளிகொண்டா, பேரணாம்பட்டு என்று பஸ் ஏறிப் போய், ஊர்க் கிணறுகளில் கயிற்றில் கட்டிய வலைப்பையை இறக்கி, அதில் வந்ததைப் புட்டியில் போட்டுக்கொண்டு திரும்புவேன். கல்யாணமாகாத முப்பது வயதுப் பெண் தனியாக வந்து கிணற்றுக்குள் எட்டி எட்டிப் பார்த்தால் ஊர் என்ன நினைக்கும்? ஓர் ஊரில் இரண்டு பெண்கள் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். "இன்னா கஷ்டம்னாலும் வாயால சொல்லிடும்மா, கெணத்தாண்ட போவாத" என்று ஒருத்தி மோர் கொடுத்தாள். நான் பூச்சி பிடிக்க வந்தேன் என்று சொன்னதும் அவளுடைய கவலை இன்னும் அதிகமானது.

அப்படிப் போன ஒரு பயணத்தில்தான் அதைக் கண்டேன். விரல் நகத்தின் நீளம்கூட இல்லை. வெள்ளை என்று சொன்னாலும் சரியில்லை, நிறமே இல்லை. கண் இல்லை. பூமிக்கடியில் நீர் கசியும் இண்டு இடுக்குகளில் இருட்டிலேயே வாழ்ந்து, ஊற்றுக்கண் வழியாகச் சில சமயம் கிணற்றுக்குள் வந்துவிடும் பிராணி. நல்ல தண்ணீரில்தான் இருக்கும். உப்பேறினால் முதலில் காணாமல் போவது அதுதான். தோல் பதனிடும் கழிவு மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்த அந்தப் பகுதியில், தண்ணீர் கெடப்போகிறது என்று நாக்குக்குத் தெரிவதற்கு முன்பே அதற்குத் தெரிந்துவிடும்.

என்னிடம் இருந்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. பதிவேட்டில் பதினான்காம் எண் என்று எழுதினேன். சாயங்காலம் சாப்பாட்டு மெஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் பெண், "இன்னிக்கு இன்னா பாத்தீங்க?" என்று கேட்டாள். "பதினாலு" என்று சொல்ல முடியுமா? "ஒண்ணும் இல்லை" என்றேன். அந்தப் பதிலை வருடக்கணக்காகச் சொன்னேன்.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். அங்கிருந்த கிணற்றில் இந்தப் பிராணி நிறைய இருந்தது. தலைமையாசிரியர் நல்ல மனிதர், ஆர்வமாகக் கேட்டார். நுண்ணோக்கியில் காட்டினேன். "பசங்களுக்குத் தெரியட்டும், போர்டுல எழுதிடுங்க மேடம்" என்று சுண்ணாம்புக்கட்டியை என் கையில் கொடுத்தார். ஒருவர் கேட்டுவிட்ட சந்தோஷத்தில் நான் யோசிக்கவில்லை. கண்ணில்லாதது, கிணற்றில் இருப்பது, ஆகவே குருட்டுக் கிணற்றுப்பூச்சி. பெரிய எழுத்தில் அதை எழுதி, கீழே நாலு வரி விளக்கமும் எழுதிவிட்டு பஸ் ஏறினேன்.

பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோனது நாலு வரி விளக்கத்தை இல்லை, பூச்சி என்ற சொல்லைத்தான். மறுவாரம் நான் போனபோது கிணற்றங்கரையில் பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கை அடைத்தது. மூட்டையாகக் கொட்டியிருந்தார்கள். வலைப்பையை இறக்கினேன். மேலே வந்தவை எல்லாம் செத்திருந்தன, வெந்தது போல மங்கி வளைந்து. பெற்றோர்களில் ஒருவர் அங்கே நின்றிருந்தார். இது கெட்ட பூச்சி இல்லை, தண்ணீர் நன்றாக இருப்பதற்கு அடையாளமே இதுதான் என்று அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"நீங்கதானேம்மா பூச்சின்னு எழுதனீங்க" என்றார்.

அடுத்த மழைக்குப் பிறகும், அதற்கடுத்த மழைக்குப் பிறகும் போய்ப் பார்த்தேன். அந்தக் கிணற்றுக்கு அது திரும்பி வரவேயில்லை. அது போனது என்பது ஊரில் யாருக்கும் ஓர் இழப்பாகவும் இல்லை. எனக்கு மட்டும் இருந்தது. அதைச் சொல்லவும் ஆளில்லை.

மேலதிகாரியிடம் சொன்னேன். அவரைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கறாரான மனிதர். புட்டிக்குள் போடும் சீட்டில் ஊகித்து ஒரு சொல் எழுதினாலும் கிழித்துப் போடுவார். நான் இந்த வேலையில் நேர்மை என்று எதையாவது கற்றிருந்தால் அது அவரிடம்தான். "பேர் வைக்கறது நம்ம வேலை இல்லம்மா. நிபுணர் பார்த்து, விவரிச்சு, அச்சுல வரணும். அதுவரைக்கும் அது நம்பர்தான்" என்றார். புட்டியை வெளிநாட்டு நிபுணருக்கு அனுப்பினோம். ஒரு வருடம் கழித்துக் கடிதம் வந்தது. வழியில் ஸ்பிரிட் கசிந்து உலர்ந்துவிட்டதாம், முழுமையான ஆண் உயிரிகள் வேண்டுமாம். திரும்பவும் அனுப்பினோம். அந்த நிபுணர் ஓய்வு பெற்றுவிட்டதாகப் பதில் வந்தது. இதற்குள் பதிவேட்டில் பதினான்காம் எண்ணுக்கு எதிரே இருந்த கிணறுகளில் மூன்று உப்பாகிவிட்டன.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவே ஒரு தெருக்கிணற்றுக்குப் போனேன். வலைப்பையை இறக்கப் போகும்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"மேல யாரு? நெழலு வுழுது, தள்ளி நில்லுங்க."

தூர் வாருகிறவர். கன்னியப்பன் என்று பெயர், என் வயதுதான் இருக்கும். அந்த வட்டாரத்துக் கிணறுகளில் இறங்கி சேறு எடுப்பது அவருடைய தொழில். மேலே ஏறி வந்து துண்டைப் பிழிந்தபோது, நான் தரையில் வைத்திருந்த கண்ணாடிப் புட்டியைக் குனிந்து பார்த்தார்.

"இதுக்கா வந்தீங்க?"

"இதைப் பார்த்திருக்கீங்களா?"

"நான் பாக்காம? ஊத்துக் கண்ணாண்ட கைய வெச்சா வெரல் மேல ஏறும். கடிக்காது. நம்ம கைதான்னு அதுக்குத் தெரியாது பாவம், கண்ணு இல்ல." துண்டை உதறி, "தண்ணி கெட்ட கெணத்துல இது இருக்காது மேடம். எறங்கும்போதே பாப்பேன். இது இல்லன்னா அந்தத் தண்ணிய நான் குடிக்க மாட்டேன்" என்றார்.

நான்கைந்து வருடங்களாக நான் நுண்ணோக்கியில் தேடிக் கண்டுபிடித்ததை அவர் விரலால் தெரிந்துவைத்திருந்தார். "இதுக்கு என்ன பேர் சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவேயில்லை. "பேரா? நான் ஒருத்தன்தான் பாக்கறேன். யாருகிட்ட சொல்லப்போறேன், பேரு எதுக்கு?"

இதை நான் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. நீங்களாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்த பொருளுக்குப் பெயர் தேவைப்படாது. இரண்டாவது ஆள் வந்தால்தான் தேவைப்படும். கிணற்றுக்குள் அவரும் மேலே நானும் இத்தனை வருடம் ஒரே பிராணியை ஆளுக்கொரு பக்கம் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"இப்ப நான் ஒருத்தி இருக்கேனே" என்றேன்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு புட்டியை வெயிலில் தூக்கிப் பார்த்தார். "ஊத்துல வர்றது. பாத்தா அரிசி மாரி கீது. ஊத்தரிசின்னு வெச்சிக்கோங்க."

உடனே அதை எழுதிக்கொள்ள எனக்குப் பயமாக இருந்தது. ஒரு சொல் என்ன செய்யும் என்று பார்த்தவள் நான். கிணற்றுக்கு எதிர்வீட்டில் கமருன்னிசா என்ற பெண் பீடி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் போகும்போதெல்லாம் உட்கார முக்காலி எடுத்துப் போடுவார். அவர் கணவர் பக்கத்து டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை செய்தார். குடத்தின் வாயில் வெள்ளைத்துணி கட்டித் தண்ணீர் ஊற்றும்போது சில நாள் அந்தப் பிராணி துணியில் நிற்கும். அதுவரை அவர் துணியைத் தெருவில் உதறுவதைத்தான் பார்த்திருக்கிறேன். பிறகு ஒருமுறை போனபோது, "அது ஊத்தரிசி. அது இருக்கிற வரைக்கும் உங்க தண்ணி நல்ல தண்ணி" என்று மட்டும் சொன்னேன். பாடம் நடத்தவில்லை.

அவர் துணியை உதறப்போனவர் நின்றுவிட்டார். "அரிசின்னு சொல்லிட்டீங்க. அரிசிய எப்படிக் கீழ போடறது?" என்று துணியைக் கிணற்றுக்குள் நீட்டி மெதுவாகத் தட்டினார்.

இரண்டு மாதத்தில் அந்தத் தெருவே அப்படிச் செய்தது. நான் எதுவும் செய்யவில்லை. அந்தப் பெயர் செய்தது. நான் வைத்திருந்தால் அந்தப் பெயர் கிடைத்திருக்காது. எனக்கு அதன் கண்ணில்லாத தலைதான் தெரிந்தது. கன்னியப்பனுக்கு அதன் வீடு தெரிந்தது.

பிறகுதான் சோதனை வந்தது. ஒரு புதிய டேனரி, கழிவுநீரைத் தேக்கிக் காயவைக்கும் குழிகளை அந்தக் கிணற்றுக்கு மேட்டுப்பக்கம் வெட்ட ஏற்பாடு செய்தது. தெருக்காரர்கள் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்தார்கள். அவர் நேரில் பார்க்க வந்தார். என்னையும் அறிக்கையோடு வரச்சொன்னார்கள். கிணற்றடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என் அறிக்கையைப் படித்தார். பக்கத்தில் டேனரி மேனேஜர். எதிரே தெருக்காரர்கள். ஆண்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு டேனரியில் வேலை செய்கிறவர்கள், ஆகவே யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மேனேஜர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். "சார், தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட் நார்மல். இந்த ஊருக்கு வேலை வருது. பேரே இல்லாத ஒரு பூச்சிக்காக இதை நிறுத்தணுமா?" என்றார். நியாயமான கேள்விதான்.

ஆர்.டி.ஓ. என்னைப் பார்த்தார். "இனம் கண்டறியப்படாததுன்னு எழுதியிருக்கீங்க. என்னம்மா இது? பேர் இல்லாததை நான் ஆர்டர்ல எப்படி எழுதறது? ஏதாவது சயின்டிஃபிக் பேர் இருக்கும் இல்ல, சொல்லுங்க."

என் வாயில் ஒரு லத்தீன் பெயர் தயாராக இருந்தது. தனிமையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே இணைத்து இணைத்துப் பார்த்து வைத்திருந்த பெயர். சொன்னால் அங்கே யாருக்கும் பொய் என்று தெரியாது. எழுதிக்கொள்வார், வேலை முடிந்துவிடும். அந்த நேரத்தில் மேலதிகாரி கிழித்துப் போட்ட சீட்டுகள்தான் ஞாபகம் வந்தன. இன்று இந்தப் பொய் கிணற்றைக் காப்பாற்றும், நாளைக்கு ஒரு வக்கீல் அதைப் பிடித்தால் இதற்குப் பிறகு நான் எந்தக் கிணற்றடியில் நின்று சொன்னாலும் யார் நம்புவார்கள்?

"சயின்டிஃபிக் பேர் இல்லை சார். யாரும் இன்னும் வைக்கலை. இந்தத் தெருவுல இதை ஊத்தரிசின்னு சொல்றாங்க" என்றேன். சொன்னபோது எனக்கே அது மிகச் சின்னதாகக் கேட்டது. மேனேஜர் சிரித்தார்.

ஆர்.டி.ஓ. சிரிக்கவில்லை. தெருக்காரர்கள் பக்கம் திரும்பினார். "ஊத்தரிசின்னா என்ன? யாராவது சொல்லுங்க."

ஒருவரும் பேசவில்லை. நான் பெயரை மட்டும்தான் பரப்பியிருக்கிறேன், அதற்காகப் பேச ஆளில்லை என்று நினைத்தேன். அப்போது முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கமருன்னிசா முன்னால் வந்தார். அவர் கணவர் கூட்டத்தில் இருந்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"சார், அது தண்ணில வர்றது. வெள்ளையா, அரிசி சைஸ்ல. அது வந்தா நாங்க குடிப்போம். ரிப்போர்ட்டு எங்களுக்குப் படிக்கத் தெரியாது, அதைப் பாக்கத் தெரியும். குழி வந்தா உப்பு ஜாஸ்தியாவும், அது போய்டும். அப்புறம் தண்ணி கெட்டுதுன்னு எங்களுக்கு யாரு சொல்லுவாங்க?"

ஆர்.டி.ஓ. கிளார்க்கிடம் உத்தரவைச் சொல்லத் தொடங்கினார். குழிகள் கிணற்றுக்குத் தாழ்வான பக்கம், கால்வாய்க்கு அப்பால் வெட்டப்பட வேண்டும். தண்ணீர்ச் சோதனை இல்லாமல் கிணற்றில் மருந்து போடக்கூடாது. ஊத்தரிசி எனப்படும் உயிரினம் இக்கிணற்றில் வாழ்வதால். கிளார்க் பேனாவை நிறுத்தி, "ஊத்தா சார், ஊற்றா?" என்று கேட்டார்.

"அவங்க எப்படிச் சொல்றாங்களோ அப்படி எழுதுங்க."

இதை வெற்றி என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நீங்கள் முழுதும் கேட்க வேண்டும். மறுவாரமே கமருன்னிசாவின் கணவருக்கு அவர் வேலைசெய்த டேனரியில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அவர் பேரணாம்பட்டுக்குப் போய் வேறு இடத்தில் சேர்ந்தார், தினமும் பஸ்ஸில் போய்வந்தார். இதைக் கமருன்னிசா என்னிடம் சொல்லவேயில்லை. கன்னியப்பன்தான் சொன்னார். நான் ஓடினேன். வழக்கம்போல முக்காலியை எடுத்துப் போட்டார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா இன்னா பண்ணுவீங்க? நீங்களே ஒத்த ஆளு" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. அவருடைய கை பீடி சுற்றிக்கொண்டேயிருந்தது. "அவரு கொஞ்ச நாளு பேசாம இருந்தாரு. பேஜாருதான். அப்புறம் செரியாயிட்டாரு."

நாம் ஓர் உயிருக்கு ஊர்ப்பெயர் கொடுத்து அதைக் காப்பாற்றுங்கள் என்று மக்களிடம் கொடுக்கும்போது, அதற்கான விலையையும் அவர்களிடம்தான் கொடுக்கிறோம். நமக்கு மாற்றல் வரும். அவர்கள் அங்கேயே இருப்பார்கள். பெயர் வைப்பதற்கு முன்னால் இதை ஒருமுறையாவது நினையுங்கள். நான் நினைக்கவில்லை.

மேலதிகாரி ஆண்டறிக்கையில் ஊத்தரிசி என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, பதினான்கு என்று திருத்தினார். நான் எதிர்பார்த்ததுதான். போகும்போது வாசலில் நின்று, "பொய்ப் பேர் சொல்லாம வந்தியே, அது போதும்" என்றார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

இரண்டு மழைக்காலம் கழித்து, வேலூர் அறைக்கு ஒரு தபால் கார்டு வந்தது. யாரையோ வைத்து எழுதியிருந்தார் கமருன்னிசா. "அம்மாவுக்கு, ஆறு நாளாக ஊத்தரிசி வரவில்லை. தண்ணீர் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நாங்கள் குடிப்பதை நிறுத்திவிட்டோம். நீங்கள் வரவும்."

அடுத்த பஸ்ஸில் போனேன். ருசித்துப் பார்த்தேன், நாக்குக்கு எதுவும் தெரியவில்லை. பரிசோதனையில் தெரிந்தது. மேட்டுப்பக்கத்து ஓடையில் யாரோ லாரியில் கொண்டுவந்து தோல் கழிவைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மழைநீரோடு அது கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. தெருக்காரர்களே மண்வெட்டியோடு போய் வாரி அப்புறப்படுத்தினார்கள். கிணற்றை இறைத்தார்கள். எந்த ஆய்வுக்கூடமும் சொல்வதற்கு முன்பு, ஒரு தெரு முழுவதும் அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் நிறுத்தியிருந்தது.

சுத்தம் செய்தபின் கன்னியப்பன் இறங்கினார். நான் கிணற்றுக்குள் குனிந்து பார்த்தேன். என் இரண்டு பக்கமும் பெண்கள் குனிந்து நின்றார்கள். இத்தனை வருட வேலையில் என்னோடு சேர்ந்து மற்றவர்களும் கிணற்றுக்குள் பார்த்தது அன்றுதான். அவர் ஊற்றுக்கண்ணில் வெகுநேரம் கையை வைத்திருந்தார். மேலே வந்து கையை விரித்துக் காட்டினார். ஈரம் மட்டும் இருந்தது.

"காணோம்" என்றார்.

அந்த வருடமே எனக்கு மாற்றல் வந்தது. தெற்கே வேறு மாவட்டம், அங்கேயும் ஓர் அறைதான். வேலூர் அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தத் தெருவுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ள நேரமிருந்தது. மனசு வரவில்லை. வெறும் கையோடு போய் நிற்க வெட்கமாக இருந்தது. அது தவறு. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

புது ஊரில் எட்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் மத்தியானம் பியூன் ஒரு தபால் கார்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். வேலூர் முகவரி எழுதி, அதை அடித்து, வேறொரு கை என் புது முகவரியை எழுதி அனுப்பியிருந்தது. மூன்று வரிதான்.

"அம்மாவுக்கு, நேற்று துணியில் ஊத்தரிசி இரண்டு வந்தது. திரும்பக் கிணற்றில் விட்டுவிட்டோம். நீங்கள் இருந்திருந்தால் பார்த்திருக்கலாம்."

பியூன் போகாமல் நின்றார். "இன்னா மேடம், ஊர்ல ஏதாச்சும் விசேஷமா?" என்று கேட்டார். அவரும் வேலூர்ப் பக்கத்துக்காரர்தான், திருப்பத்தூர். நான் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க, சொல்றேன்" என்றேன்.